டூட்டி வண்டியில் தொங்கும் சிவப்புப் பூட்டு

மாப்ள சூசை,

நீ எங்கே இருந்தாலும் கையில் இருக்கிற வேலையை ஒரு நிமிஷம் கீழே வை. உன் அத்தான் பேசுகிறேன். நீ போன பிறகு உன்னோடு பேசாத நாளே எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பேச்செல்லாம் குளிக்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும். உன் பூட்டு இன்னும் எஞ்சினில் தொங்குகிறது.

இந்தக் கடிதத்தை இந்த வளைகுடா ஊர் ருவைஸில் பிழைக்க வந்த நம் தமிழ்க்காரர்களின் வாட்ஸப் குரூப்பிலும் போடப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும், அதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுக்காகச் சில விஷயங்களை விளக்கிச் சொல்லுவேன். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேனே என்று கொட்டாவி விடாதே.

பிளான்ட்டில் நீ பிட்டர், நான் பாய்லர் ஆபரேட்டர். போதாததற்கு நீ என் வீட்டுக்காரி பிரிஸ்காவின் தம்பி. ஒரு பம்பைக் கழற்றி வேலை பார்க்கவேண்டும் என்றால் நான் அதை நிறுத்தித் தருவேன், நீ அதில் உன் பூட்டைப் போடுவாய். ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, அதற்கு ஒரே ஒரு சாவி, போட்டோ ஒட்டின ஓர் அட்டை. போட்டவன்தான் எடுக்கவேண்டும். மேனேஜரே வந்து நின்றாலும் அடுத்தவன் பூட்டைத் தொடக்கூடாது. அந்தப் பூட்டை நம்பி ஒருவன் எந்திரத்துக்குள் கையை விட்டிருப்பான், அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு.

அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நீ என்னைப் படுத்தின பாடு கொஞ்சமா? வேலை முடிந்திருக்கும், பூட்டை எடுக்காமல் டீ குடிக்கப் போயிருப்பாய். நான் கண்ட்ரோல் ரூமில் பம்பைக் கிளப்ப முடியாமல் ரேடியோவில் கத்திக்கொண்டிருப்பேன்.

"மாப்ள, உன் பூட்டு தொங்குதுல. எப்ப வாற?"

"அத்தான், டீ சூடா இருக்கு. பம்பு எங்கயும் ஓடிராது, நீங்க செத்த நேரம் இருங்க."

அந்த ரேடியோவை அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மலையாளி, வங்காளி, பிலிப்பைன்ஸ்காரன் எல்லோருக்கும் 'அத்தான்' என்ற ஒரு தமிழ் வார்த்தை பழகிப்போனது உன் புண்ணியம். இப்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பங்களாதேஷ்காரன் ஒருவன், அதுதான் என் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பூட்டுப் போட்டவன் லீவில் போய்விட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு முறை உண்டு. அவன் சைட்டில் இல்லை என்று முதலில் உறுதி செய்யவேண்டும். பிறகு எப்படியாவது அவனைத் தொடர்புகொள்ளப் பார்க்கவேண்டும். எதற்காகப் பூட்டினான் என்று கண்டுபிடித்து, அந்தக் குறை சரியாகிவிட்டதா என்று பார்க்கவேண்டும். அதற்கப்புறம்தான் பூட்டை வெட்டுகிற கட்டரை எடுக்கலாம். முதல் விஷயத்தை நான் உறுதி செய்துவிட்டேன், மாப்ள. ஏர்போர்ட் கார்கோவில் உன் பெட்டியின் மேல் கை வைத்து வழியனுப்பியவன் நான். இரண்டாவதுதான் இந்தக் கடிதம்.

பூட்டு தொங்குவது பிளான்ட்டில் இல்லை, அர்பாப் என்று நாம் மரியாதையாகக் கூப்பிடுகிற உள்ளூர் அரபிக்காரரின் பேரீச்சந்தோட்டத்தில் நிற்கிற நம் குட்டி ரயில் எஞ்சினில்.

அந்த எஞ்சின் உன் கையில் வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் பிளான்ட்டில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ரிட்டயர்டு ஆகி ஊருக்குப் போகும்போது, வருஷக்கணக்காகத் தன் கையால் செய்த அந்தக் குட்டி எஞ்சினைக் கப்பலில் ஏற்ற முடியாமல் தவித்தார். ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம், தூக்க நாலு பேர் வேண்டும். செம்புக் குழாய்களைப் பற்றவைக்க அவருக்கு உதவியவன் நீ. உன்னிடமே விட்டுவிட்டுப் போனார். நான் தலையில் கை வைத்தேன். கேம்பில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் மட்டும் உள்ளவன் நிஜக் கரியில் ஓடுகிற ரயில் எஞ்சினை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

அர்பாப்தான் இடம் கொடுத்தார். தோட்டத்து மோட்டாரை நீ ஒருமுறை சரி செய்து கொடுத்தாய் என்பதற்காக வாசல் கேட்டிலிருந்து கடைசிச் சுவர் வரை பேரீச்ச மரங்களுக்கு நடுவே தண்டவாளம் போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒரு சாண் அகலத் தண்டவாளம், வளைவே கிடையாது, நேர்க்கோடு. வட்டமாகப் போட்டால் சுற்றிச் சுற்றி வரலாமே என்று நான் கேட்டதற்கு நீ கோபப்பட்டாய்.

"அத்தான், இது டாங்க் எஞ்சின். இதுக்கு முன்னாடி பின்னாடி எல்லாம் ஒண்ணுதான். திருப்பவே வேண்டாம். போன வழியே திரும்பி வரும், அதான் இதோட அழகு."

அதற்கப்புறம் நீ சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலே ஆகிறது, லண்டனைச் சுற்றி இருந்த ஊர்களிலிருந்து ஆபீசுக்கும் பட்டறைக்கும் ஆட்களைக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்த வண்டிகளுக்காகச் செய்த எஞ்சின் வகை அது. ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சின்னச் சக்கரம். பெரிய ரயில்களுக்கு எஞ்சினுக்குப் பின்னால் கரிக்கும் தண்ணீருக்கும் தனியாக ஒரு வண்டி இருக்கும். இதற்கு அது கிடையாது. இரண்டு விலாவிலும் தண்ணீர்த் தொட்டி, முதுகுப்பக்கம் ஒரு கரிப்பெட்டி. வேண்டியதையெல்லாம் தன் மேலேயே சுமந்துகொண்டு ஓடும். நூறு இடத்தில் நிற்கும், நின்ற வேகத்தில் கிளம்பும். ராஜா ராணியை ஏற்றிக்கொண்டு தூர தேசம் போகிற ஜோலியெல்லாம் அதற்குக் கிடையாது.

"அப்ப இது நம்ம கம்பெனி பஸ்ஸு" என்று நீ கிழவரிடம் சொல்லியிருக்கிறாய். அன்றிலிருந்து அதற்கு டூட்டி வண்டி என்று பெயர். கேம்பிலிருந்து சைட்டுக்கும் சைட்டிலிருந்து கேம்புக்கும் வருஷம் முழுக்க பஸ்ஸில் தூங்கி வழிகிற நம் ஆட்கள் லீவு நாளில் ஒரு வண்டியில் ஏறிச் சிரித்தார்கள் என்றால் அது இந்த வண்டியில்தான். தண்டவாள ஓரத்தில் நாலு பலகை நட்டு ஸ்டேஷன் பெயர் எழுதிவைத்தவன், சாரம் கட்டுகிற விருதுநகர்க்காரன் கருப்பசாமி. கேம்ப், மெஸ், சைட், கடைசியில் ஏர்போர்ட். ஏர்போர்ட்டில் யாரும் இறங்கக்கூடாது என்பது உன் சட்டம். இறங்கினால் நடந்துதான் வரவேண்டும்.

போகும்போது ஆட்கள் உட்கார்ந்திருக்கிற டிராலிகளை எஞ்சின் இழுக்கும். வரும்போது நீ கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே தள்ளிக்கொண்டு வருவாய். கடைசி டிராலியில் நான் கால் நீட்டிக்கொண்டு, வாயில் விசிலோடு. நாற்பது வயதுக்கு மேலே எனக்கு ஒரு கார்டு உத்தியோகம் கொடுத்தாயே, அதற்கு உனக்கு நான் நன்றியே சொல்லவில்லை.

அந்த எஞ்சினின் மூக்குப்பக்கத்திலிருந்து இரண்டு விலாத் தொட்டிக்கும் வளைந்து போகிற இரண்டு குழாய்களைக் காட்டி ஒருநாள் ஒரு விஷயம் சொன்னாய். நிஜ எஞ்சின் லண்டனில் சுரங்கப்பாதைக்குள் போகும். உள்ளே ஆவியைக் கக்கினால் ஆட்களுக்கு மூச்சு முட்டுமே. அதனால் உள்ளே போனதும் ஆவியை வெளியே விடாமல் அந்தக் குழாய் வழியாகத் தன் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே விட்டுக்கொள்ளும். நல்ல ஏற்பாடு என்றேன். நீ தலையை ஆட்டினாய்.

"நல்ல ஏற்பாடுதான் அத்தான். ஆனா ரொம்ப நேரம் அப்படி உள்ளயே விட்டா தொட்டித் தண்ணி சூடாயிரும். சூடான தண்ணிய பாய்லர் உள்ள வாங்காது. அப்புறம் டிரைவர் பாடு திண்டாட்டம்."

நான் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றேன். அன்றைக்கு அது எஞ்சின் சமாச்சாரம், வேறென்ன?

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, அந்த சீசனுக்கு அதுதான் கடைசி ஓட்டம் என்று நீ எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாய். வழக்கம்போல நீ விடியும்போதே தோட்டத்துக்குப் போய்விட்டாய். சர்ச் முடிந்து கேம்ப் ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு நான் வந்து சேர்ந்தபோது நீ எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். ஆவி இல்லை, புகை இல்லை. ஆவியைத் திறந்துவிடுகிற ரெகுலேட்டர் கைப்பிடியை ஒரு கம்பியால் சுற்றி அதில் உன் சிவப்புப் பூட்டைப் போட்டிருந்தாய். பிளான்ட்டில் போடுகிற அதே பூட்டு, உன் போட்டோ ஒட்டின அதே அட்டை.

"இன்னைக்கு வண்டி இல்ல. மெயின்டெனன்ஸ்" என்றாய்.

உன் முகம் வியர்த்திருந்தது. அந்த வெயிலில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? வந்தவர்கள் சரி அண்ணே, சரி பாய் என்று சொல்லி மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவனாவது என்ன கோளாறு என்று கேட்டானா? நான் கேட்டேனா? சிவப்புப் பூட்டைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் இரண்டடி பின்னால் போகவேண்டும் என்று எங்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாடம் நடத்தியிருக்கிறார்கள். அது ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் உயிரைக் காப்பாற்றுகிற பழக்கம் அது.

அர்பாப் மட்டும் கேட்டார். அவர் பிளான்ட்டில் வேலை பார்க்காதவர். உன் தோளைத் தொட்டு, "சூசை, தபியத் டீக் ஹை?" என்றார். உடம்புக்குச் சுகம்தானா என்று. நீ சிரித்துக்கொண்டே "சப் டீக், அர்பாப்" என்றாய். அவர் உன் முகத்தைப் பார்த்தார். நாங்கள் பூட்டைப் பார்த்தோம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாய். சீலா மீன் குழம்பை வைத்துக்கொண்டு பாதிச் சோற்றில் எழுந்தாய். ஏன்ல என்று உன் அக்கா கேட்டதற்கு, "வாயு பிடிச்சிருக்கு, நெஞ்சு கரிக்கி. கொஞ்சம் ஓமத்தண்ணி தா" என்றாய். அவள் கொடுத்தாள். குடித்துவிட்டு ஏப்பம் விட்டு, இப்ப தேவலை என்று சொல்லிவிட்டுக் கேம்புக்குப் போனாய். மறுநாள் காலை டூட்டிக்கு நீ எழுந்திருக்கவில்லை என்று உன் ரூம் ஆட்கள் போன் பண்ணினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை உனக்கு எழுத என்ன இருக்கிறது. ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், பேப்பர் வேலை. நம் ஆட்கள் ஒருவர் விடாமல் ஓடினார்கள். உன்னோடு நம் ஊர் உவரி வரை வந்தோம். உன் வீட்டுக்காரி ஜெனிட்டா அழவில்லை, உன் மகள் அழுதாள். நானும் உன் அக்காவும் திரும்பி வந்தபோது இங்கே கோடை முழுசாக இறங்கிவிட்டது. அர்பாப் எஞ்சினின் மேல் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்திருந்தார்.

உன் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் நர்ஸ் வேலைக்குக் கிளினிக்குக்குப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். உனக்குத் தெரியும், இந்த ஊரில் பாதிப்பேருக்கு அவள் கையால் பிரஷர் பார்த்திருக்கிறாள். உன் கையில் மட்டும் அந்தப் பட்டையைச் சுற்ற அவளால் முடிந்ததில்லை. அக்கா கையால் ஊசியா, ஐயோ சாமி என்று ஓடிவிடுவாய். கோடை முழுக்க அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நான் நர்ஸா இருந்திருந்தா அவனப் பிடிச்சு உக்கார வச்சு ஈசிஜி எடுத்திருப்பேன். அக்காவா இருந்து ஓமத்தண்ணி குடுத்துட்டேன்."

நான் அவள் கழுவி வைத்த பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன்.

இப்போது குளிர் வந்துவிட்டது. வேர்வை இல்லாமல் வெளியே நிற்க முடிகிறது. அர்பாபின் பேரப்பிள்ளைகள் தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். கேம்ப் ஆட்கள் நேரில் கேட்பதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தோட்டப்பக்கம் நடக்க வருகிறார்கள். நான் ஒரு கட்டரை இரவல் வாங்கி வந்தேன். பிரிஸ்கா அதை வாங்கிச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"அவன் போட்ட பூட்டு. அவன்தான் எடுக்கணும். உங்க சட்டம்தான?"

"அவன் இனிமே எப்படி பிரிஸ்கா எடுப்பான்?"

"அப்ப தொங்கட்டும்."

அர்பாபும் அவள் பக்கம். "ஏ தாலா மத் தோடோ" என்றுவிட்டார். பூட்டை உடைக்கக்கூடாதாம். அவர் தோட்டம், அவள் தம்பி, நான் யார்? ஆனால் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. பூட்டு தொங்குகிற வரைக்கும் நீ ஏதோ டீ குடிக்கப் போயிருக்கிறாய், வந்துவிடுவாய். அவள் வாயால் சொல்லாவிட்டாலும் அவள் கணக்கு அதுதான். என் கணக்கும் கிட்டத்தட்ட அதுவேதான்.

சரி, முறைப்படி போவோம் என்று முடிவு செய்தேன். எதற்காகப் பூட்டினான் என்று பார்க்கவேண்டுமே. அட்டையில் காரணம் எழுதுகிற இடத்தில் வெறும் 'மெயின்டெனன்ஸ்' என்று கிறுக்கியிருந்தாய். அதுவே எனக்கு உறுத்தியது. பிளான்ட்டில் நீ அப்படி எழுதுகிறவனே இல்லை. எந்த வால்வில் எந்தப் பக்கம் எத்தனை சொட்டு ஒழுகுகிறது என்பதுவரை எழுதுவாய்.

கடைசி இரண்டு லீவு நாளும் தார்ப்பாயை விலக்கிவிட்டு எஞ்சினுக்குக் கீழே படுத்துக் கிடந்தேன். பழைய தண்ணீரை வடித்தேன். பாய்லரைத் தண்ணீரால் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. சேப்டி வால்வைக் கழற்றிச் சோதித்தேன், சரியாக இருந்தது. சக்கரங்களுக்கெல்லாம் நீ எண்ணெய் விட்டிருந்தாய், கோடை முழுக்க மணல் ஒட்டிப் பிசுபிசுவென்று கிடந்தது. தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தாய். எங்கே குறை? ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் மேல் எரிச்சல்தான் வந்தது. மெயின்டெனன்ஸ் என்று எழுதினாயே, எதை மெயின்டெயின் பண்ணப் போனாய்?

கடைசியாக அடுப்புக் கதவைத் திறந்தேன்.

உள்ளே அடியில் எண்ணெய்த் துணி, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்ன விறகு, அதன் மேல் கை நிறையக் கரி. நீ வழக்கமாக அடுக்குகிற அதே அடுக்கு. ஒரு தீக்குச்சி கிழித்துப் போட்டால் போதும், பற்றிக்கொள்ளும். ரிப்பேர் பார்க்கப்போகிற எஞ்சினில் எவனாவது விறகு அடுக்குவானா? வண்டி ஓட்டத்தான் விடியும்போதே வந்து எண்ணெய் விட்டு, தண்ணீர் நிரப்பி, விறகு அடுக்கி எல்லாம் முடித்திருக்கிறாய். தீ வைக்கக் குனிந்தபோதுதான் உனக்கு அது வந்திருக்கிறது.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, மாப்ள. கோளாறு உன் நெஞ்சில் இருந்தது. அதை மறைக்கத்தான் எஞ்சினுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாய்.

என்ன கெட்டிக்காரத்தனம்ல உனக்கு. முடியலை என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் உன்னை அள்ளி வேனில் போட்டிருப்பேன், உன் அக்கா கிளினிக்கையே தலைகீழாக்கியிருப்பாள். மெடிக்கலில் ஏதாவது எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாயா? வந்தவர்கள் பதறிவிடக்கூடாது என்று பார்த்தாயா? இல்லை, வெறும் வாயுதான், உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நீயே நம்பினாயா? சிவப்புப் பூட்டைப் போட்டுவிட்டால் இந்தக் கூட்டத்தில் ஒருவனும் கேள்வி கேட்கமாட்டான் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பழக்கத்தை எங்கள் மேலேயே திருப்பிவிட்டாய். சுரங்கத்துக்குள் போன அந்த எஞ்சின் மாதிரி எல்லாவற்றையும் உள்ளேயே விட்டுக்கொண்டாய். உனக்கு அதன் முடிவும் தெரியும், எனக்குச் சொன்னதே நீதான்.

அன்றைக்கு மண்ணில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன் என்று உன் அக்காவிடம் சொன்னேன். அவள் தோட்டத்துக்கு வந்து, அடுப்புக் கதவுக்கு முன்னால் குனிந்து அந்த விறகைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தொடவில்லை. பிறகு டிராலியில் உட்கார்ந்து, ஊரில் உன் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது அழாத அழுகையெல்லாம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அர்பாப் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலை மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் கருப்பசாமி லீவில் ஊருக்குப் போயிருந்தான். கூட வேலை பார்த்தவன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகாமல் இருக்கலாமா என்று விருதுநகரிலிருந்து பஸ் மாறி மாறி உவரிக்குப் போயிருக்கிறான். உன் படத்துக்குக் கீழே ஜெபமாலையோடு ஒரு சின்னச் சாவி தொங்கியிருக்கிறது. உன் பேண்ட் பையில் இருந்ததை உன் சாமான்களோடு நாங்கள்தான் அனுப்பியிருக்கிறோம், அது என்ன சாவி என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. கருப்பசாமி பார்த்த உடனே சொல்லிவிட்டான். அங்கிருந்தே எனக்குப் போன் போட்டு ஜெனிட்டாவிடம் கொடுத்தான்.

"அண்ணே, இது பூட்டுச் சாவின்னு இவரு சொல்லுதாரு. நெசந்தானா?"

"ஆமாம்மா. அவன் எஞ்சின்ல போட்ட பூட்டு. இன்னும் அப்படியேதான் கெடக்கு."



"நான் இத எல்லாத்துலயும் போட்டுப் பாத்துட்டேன், அண்ணே. பீரோ, டிரங்குப் பெட்டி, தையல் மிஷின் டிராயரு, அம்மை வீட்டுப் பெட்டியைக் கூட விடல. எனக்குன்னு எங்கயோ எதையோ பூட்டி வச்சிருக்காருன்னு நெனச்சேன்."

பிரிஸ்கா போனை வாங்கிக்கொண்டாள். ஓமத்தண்ணி, விறகு, பூட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஜெனிட்டாவிடம் சொன்னாள். ஜெனிட்டா தன்னை என்ன நினைப்பாளோ என்று உன் அக்கா இத்தனை மாதம் பயந்து கிடந்திருக்கிறாள். ஜெனிட்டா கேட்டுவிட்டுச் சொன்னது எனக்கும் ஸ்பீக்கரில் கேட்டது.

"மைனி, இங்கயும் அவருக்கு வாயுதான். போன லீவுல வந்தப்ப படியேற முடியாம நின்னாரு, நான் பூண்டு சுட்டுக் குடுத்தேன். நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாரு."

இரண்டு பேரும் போனில் ஒன்றாக அழுதார்கள். நடுவில் ஒருமுறை சிரித்த மாதிரியும் இருந்தது. சாவியைக் கருப்பசாமியிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றாள் ஜெனிட்டா. நிறைய ஆட்கள் ஏறுகிற வண்டியாமே, அது நின்னு கிடக்கக்கூடாது, திறந்துவிடுங்க என்றாள். ஒரே ஒரு விஷயம் கேட்டாள். திறந்த பிறகு பூட்டையும் சாவியையும் சேர்த்து அவளிடம் அனுப்பிவிட வேண்டுமாம். இனி அது எதற்கான சாவி என்று தெரிந்துகொண்டு வைத்திருப்பாளாம்.

கருப்பசாமி நேற்று வந்து சேர்ந்தான். ஒரு பொட்டலம் கருவாடு, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் உன் சாவி. ஏர்போர்ட்டில் பையைத் திறந்து பார்த்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு யல்லா யல்லா என்று விரட்டிவிட்டானாம். சாவி இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. வீடெல்லாம் கருவாட்டு வாடை. நீ இருந்தால் இரண்டு தட்டுச் சோறு உள்ளே போயிருக்கும்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூட்டைத் திறக்கப்போவது உன் அக்கா. போட்டவன்தான் எடுக்கவேண்டும் என்ற சட்டத்தை ஒரே வயிற்றில் பிறந்தவளுக்காக ஒருமுறை தளர்த்திக்கொள். ஜெனிட்டாவும் உன் மகளும் வீடியோவில் பார்ப்பார்கள். அர்பாப் பேரப்பிள்ளைகளோடு வருவார். கருப்பசாமிக்கு என் விசிலைக் கொடுத்துவிட்டேன், ஊதிப் பழகுகிறேன் என்று கேம்பில் இரண்டு ரூமைத் தூங்கவிடாமல் செய்கிறான்.

உன் அக்கா இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறாள். தண்டவாளம் தொடங்குகிற இடத்தில், கேம்ப் ஸ்டேஷன் பலகைக்குப் பக்கத்தில், ஒரு மேஜை நாற்காலி. மேஜையில் பிரஷர் பார்க்கிற கருவி. வண்டியில் ஏறவேண்டும் என்றால் முதலில் கையை நீட்டவேண்டும், அதுதான் டிக்கெட். வாயு என்று சொல்கிறவனை நேராக எங்கள் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாளாம். எனக்குத்தான் முதல் டிக்கெட். இன்றைக்கே பார்த்துவிட்டாள், உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டாள், கருவாட்டில் பாதி போச்சு.

இதைப் படிக்கிற தம்பிமாரே, அதற்காகத்தான் இதைக் குரூப்பில் போடுகிறேன். நெஞ்சு கரித்தால் எவனிடமாவது சொல்லுங்கள். ரயில் வேண்டாம் என்றாலும் கையை நீட்டிவிட்டுப் போங்கள்.

மாப்ள, அடுப்பில் நீ அடுக்கின விறகை நான் கலைக்கவில்லை. ஒரு குச்சியைக்கூட நகர்த்தவில்லை. தண்ணீரை மட்டும் புதிதாக நிரப்பியிருக்கிறேன். நாளைக்கு அந்த விறகில்தான் தீ வைக்கப்போகிறேன். முதல் ஓட்டம் நீ மூட்ட இருந்த தீயில்தான் ஓடும்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். பிளான்ட்டிலும் சரி, தோட்டத்திலும் சரி, பூட்டைப் பார்த்தால் இரண்டடி பின்னால் போவேன், அது மாறாது. ஆனால் போட்டவன் முகத்தைப் பார்க்காமல், உடம்பு எப்படி என்று கேட்காமல் இனி ஒருநாளும் திரும்பி நடக்கமாட்டேன்.

பூட்டைத் திறப்பதற்கு முன்னால் ரேடியோவில் ஒருமுறை கூப்பிடவேண்டும், அதுவும் முறைதான். கூப்பிடுவேன். மாப்ள, உன் பூட்டு தொங்குதுல, எப்ப வாற என்று கேட்பேன். கேட்டுவிட்டு, நீ ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் நாங்கள் எல்லோரும் அங்கே நின்றுகொண்டிருப்போம். சூடாகத்தான் இருக்கும், மெதுவாகக் குடி.

உன் அக்காவைக் கட்டின நாள் முதல் உன் பூட்டுக்குக் காத்துக் கிடந்தே பழகிப்போன,
உன் அத்தான்
லாரன்ஸ்